பழைய பலகையில் பதின்மூன்று கோடுகள்

ஒரு பேலட்டைப் பிரித்தால் ஒரு கொடி கிடைக்கும் என்று தச்சர் ஒருவர் சொன்னபோது கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை. அவர் அளவு நாடாவை எடுத்துப் பலகையின் மேல் நீட்டிக் காட்டினார்.

அமெரிக்காவில் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிவரும் மரப் பேலட்டின் வழக்கமான அளவு 48க்கு 40 அங்குலம். மேல்தளத்தில் பெரும்பாலும் ஏழு பலகைகள் இருக்கும், ஒவ்வொன்றும் 40 அங்குல நீளம். மூன்று கனத்த சட்டங்களின் மேல் அவற்றை ஆணியடித்து இறுக்கியிருப்பார்கள். ஓரச் சட்டங்கள் இரண்டும் ஒன்றரை அங்குலம் தடிமன். அந்த இரண்டையும் ஒட்டி உள்பக்கமாக ரம்பத்தை ஓட்டினால் 37 அங்குலப் பலகை கையோடு வரும். அதை ஒன்றரை அங்குலப் பட்டைகளாகக் கிழித்து, 13 பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் உயரம் பத்தொன்பதரை அங்குலம். அமெரிக்கக் கொடிக்கு 1959இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட ஆணை வகுத்த விகிதப்படி உயரம் ஒன்று என்றால் நீளம் 1.9 இருக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 37.05 வருகிறது. பேலட் செய்தவர் கொடியை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் கணக்கு மயிரிழையில் பொருந்துகிறது. இதை முதன்முதலாகக் கண்டுகொண்ட நாளில் தச்சருக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லையாம்.

பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் பக்கத்துக் கிராமம் ஒன்று அவருடைய ஊர். வீடு கட்டும் தச்சராக இருந்தவர், முதுகு ஒத்துழைக்காமல் போனதும் பட்டறையோடு நின்றுவிட்டார். இப்போது 20 ஆண்டுகளாகப் பழைய மரத்தில் விழாக்கால அலங்காரங்கள் செய்கிறார். மே மாதக் கடைசித் திங்களன்று போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள், ஜூன் 14 கொடி நாள், ஜூலை 4 சுதந்திர தினம் என்று ஆறு வாரத்துக்குள் மூன்று நாட்கள் அங்கே அடுத்தடுத்து வரும். வாசல் கதவிலும் முன்திண்ணையிலும் சிவப்பு, வெள்ளை, நீலம் தொங்காத வீட்டை அந்தப் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். அதற்கான வேலை அவர் பட்டறையில் ஜனவரி பனியிலேயே தொடங்கிவிடும்.

முதல் வேலை மரம் பொறுக்குவது. இதில் அவர் கண்டிப்பானவர். கடைக்குப் பின்னால் கிடக்கும் பேலட்டையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட மாட்டார். கடைக்காரரிடம் கேட்ட பிறகுதான் தொடுவார். நீல வண்ணம் அடித்த பேலட்டுகள் வாடகை நிறுவனத்தின் சொத்து, யார் கொடுத்தாலும் வேண்டாம் என்பார். பிறகு சட்டத்தின் பக்கவாட்டில் சுட்டுப் பதித்த முத்திரையைப் பார்ப்பார். நாடு விட்டு நாடு போகும் பேலட்டுகளில் கோதுமைக் கதிர் படத்தோடு அந்த முத்திரை இருக்கும். அதில் எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் ஏறி 30 நிமிடம் நின்றிருக்கிறது, பூச்சி செத்திருக்கும் என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு வாயுவில் ஊறிய மரம். அது அவர் பட்டறைக்குள் வராது. எண்ணெய்க் கறையும் மருந்து வாடையும் உள்ளவையும் வாசலோடு திரும்பிப் போகும். குழந்தைகள் தொட்டுப் பார்க்கும் பொருள் இது என்பதை அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

பேலட் ஆணிகள் சுலபத்தில் வராது. திருகு முறுக்கோடு செய்தவை அவை, கடப்பாரை போட்டு நெம்பினால் ஆணிக்கு முன்னால் பலகை பிளந்துவிடும். தொடக்கத்தில் அவர் பத்துப் பலகைக்கு நான்கை இப்படித்தான் விறகாக்கினார். பிறகு வழி பிடிபட்டது. ஓரங்களை ரம்பத்தால் அறுத்துவிட்டு, நடுச் சட்டத்துக்கும் பலகைக்கும் இடையில் இரும்பு அறுக்கும் அலகை நுழைத்து ஆணியையே துண்டிப்பது. மிச்சமிருக்கும் ஆணித்தண்டை அடியிலிருந்து தட்டினால் தலையோடு மேலே வந்துவிடும். பலகையில் தங்குவது துளை மட்டும். அந்தத் துளையைச் சுற்றி ஒரு கருநீலக் கறை படர்ந்திருக்கும். ஓக் மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாகும் நிறம் அது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வினையால்தான். கொடியின் நீலக் கட்டம் இடமிருந்து 14.8 அங்குலத்தில் முடிகிறது. நடு ஆணியின் தடம் 18.5இல் விழுகிறது. அதனால் கறை கோடுகளின் மேல் மட்டும், மேலிருந்து கீழாக ஒரே நேர்வரிசையில் நிற்கும். மெழுகு வைத்துத் துளையை அடைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. அவர் மறுத்துவிடுவார். அந்தப் பலகை சுமந்த பாரத்துக்கு அடையாளம் அந்தத் துளைதான்.

பேலட் பயிற்சிக்கும் அன்றாட விற்பனைக்கும் சரி. அவருடைய மனம் ஒட்டியிருப்பது பார்ன் மரத்தில். கீழே மாடுகள், மேலே வைக்கோலும் தானியமும் என்று ஒரே கூரைக்குள் கட்டிய அந்தப் பெரிய மரக் கட்டடங்கள் பென்சில்வேனியா கிராமங்களின் முகம். கூரை உள்வாங்கிய பார்ன் ஒன்றைப் பிரிக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றே போய் நிற்பார்.

பலகையைப் புரட்டிப் பார்த்தே வயது சொல்வார். முகத்தில் நேர்க்கோடாக ரம்பத்தடம் இருந்தால் மேலும் கீழும் ஆடிய நீர்விசை ரம்பத்தில் அறுத்தது. வில்போல வளைந்த தடம் இருந்தால் வட்ட ரம்பம், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. உத்தரங்களில் கோடரி கொத்திய பள்ளங்கள் இருக்கும். ஆணியும் பேசும். சதுர உடம்பும் மழுங்கிய முனையும் உள்ள வெட்டு ஆணி என்றால் பெரும்பாலும் 1890க்கு முன், உருண்டைக் கம்பி ஆணி என்றால் அதற்குப் பின். இந்தத் தடங்களை இழைத்துத் தள்ளிவிட்டால் கடையில் வாங்கிய புதுப் பலகைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அதனால் பார்ன் பலகையின் முகத்தில் அவர் இழைப்புளியை வைப்பதே இல்லை. பின்பக்கத்தை மட்டும் சமன் செய்வார். முகத்துக்குப் பித்தளைக் கம்பித் தூரிகை போதும்.

வெயில் பட்ட பலகையின் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு ஒரு காரணம் உண்டு. மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளை வெயில் சிதைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மேலே மிஞ்சும் நார் வெளுத்துப்போகிறது. இந்த நரை காகிதம்போல மெல்லிய படலம். நாலு தேய்ப்பு உப்புத்தாள் போட்டால் போய்விடும், திரும்ப வர ஆண்டுகள் ஆகும். கொடியின் ஆறு வெள்ளைக் கோடுகளுக்கு அவர் பெயின்ட் தொடுவதில்லை. நரைத்த பலகையை அப்படியே வைக்கிறார். மாலை வெளிச்சத்தில் அது வெள்ளையாகவே தெரியும்.

சிவப்புக்கும் அப்படி ஒரு வழி இருக்கிறது. அந்த நாட்டுப் பார்ன்கள் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் சிக்கனம். ஆளி விதை எண்ணெயில் இரும்புத் துருவின் செம்பொடியைக் கலந்து பூசினார்கள். அது மலிவான பூச்சு. வெயிலில் மங்கி, செங்கல் நிறத்துக்கு வந்த அந்தப் பலகைகள் சிவப்புக் கோடுகளுக்கென்றே பிறந்தவை போல இருக்கும். ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்கா தடை செய்தது 1978இல்தான். அதற்கு முன் அடித்த பூச்சு எதிலும் ஈயம் இருக்கலாம். கடையில் கிடைக்கும் சோதனைக் குச்சியால் ஒவ்வொரு பலகையையும் அவர் துடைத்துப் பார்ப்பார். குச்சி நிறம் மாறினால் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுவார். தேய்த்தால் ஈயம் தூசியாகும், தூசி மூச்சுக்குள் போகும். பச்சை சாயல் ஓடும் பழைய வேலிக் கம்பங்களிலும் இதே எச்சரிக்கை அவருக்கு உண்டு. 2003 முடியும் வரை வீட்டு வேலிக்கு விற்ற பதப்படுத்திய மரங்களில் ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றியிருந்தார்கள். அதை அறுக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது.

ஒருமுறை பிரித்துக்கொண்டிருந்த பார்னின் உள்சுவரில் தேன் நிறத்தில், பொடிப்பொடியாகப் புழுத்துளை விழுந்த பலகைகள் வந்தன. கையில் எடுத்ததும் எடை குறைவாக இருந்தது. ஓக் இல்லை, அமெரிக்கச் செஸ்ட்நட். பட்டறையில் அன்றைக்கு அவர் வேறு வேலை பார்க்கவில்லை. ஒரு காலத்தில் அந்நாட்டுக் கிழக்கு மலைக் காடுகளை நிறைத்திருந்த மரம் அது. 1904இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு பூஞ்சை நோய் அதில் கண்டுபிடிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் மடிந்தன என்று மதிப்பிடுகிறார்கள். வேரிலிருந்து இன்றும் துளிர் வருகிறது. ஆனால் வளர்ந்து பெரிதாவதற்குள் நோய் பிடித்துவிடுகிறது. அகலப் பலகையாகச் செஸ்ட்நட் வேண்டுமென்றால் இப்படிப் பழைய கட்டடத்தில்தான் எடுக்க வேண்டும். அந்தப் பலகைகளில் அவர் மூன்று கொடிகள் செய்தார். ஒன்றைக்கூட விற்கவில்லை.

நட்சத்திரங்கள்தான் பொறுமையைச் சோதிப்பவை. அச்சுத்தகடு வைத்து வெள்ளை அடித்தால் அரை மணியில் முடியும் வேலையை அவர் உளியால் செய்கிறார். நடுப்புள்ளியிலிருந்து ஐந்து முனைகளுக்கும் ஐந்து ஆழ வெட்டு. பிறகு ஒவ்வொரு வெட்டின் இருபுறமும் சரிவாகச் சீவினால் பத்துச் சரிவு. ஒரு நட்சத்திரத்துக்குப் பதினைந்து வெட்டு, ஐம்பதுக்கு 750. உளி முனை மழுங்கினால் மரம் வெட்டுப்படாமல் நசுங்கும். அதனால் பத்து நட்சத்திரத்துக்கு ஒருமுறை சாணைக்கல்லுக்குப் போவார்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நீலக் கட்டத்தின் உயரம் ஏழு கோடுகள், நட்சத்திரங்களோ ஒன்பது வரிசை. ஆறும் ஐந்துமாக மாறி மாறி வரும். பட்டைகளின் மேலேயே செதுக்கினால் ஒன்பதில் ஆறு வரிசைகள் இரண்டு பட்டைகள் சேரும் இணைப்பின் மேல் விழும், நட்சத்திரத்தின் முனை பிய்ந்துவரும். அவருடைய முதல் கொடியில் நாற்பத்தோராவது நட்சத்திரத்தைச் செதுக்கும்போது அப்படி ஒரு முனை தெறித்தது. மூன்று நாள் உழைப்பு போயிற்று. அதிலிருந்து நீலக் கட்டத்தைத் தனிப் பலகையாக, இளகிய வெள்ளைப் பைனில் செய்து வைத்துக்கொள்கிறார். செதுக்கி முடித்து, நன்றாக வந்திருக்கிறது என்று மனம் சொன்னால்தான் கோடுகளைத் தொடுவார்.

முதல் குளிர்காலம் கற்றுக்கொடுத்தது வேறொரு பாடம். ஜூன் மாதத்தில் 13 பட்டைகளையும் பசை போட்டு ஒட்டி, பின்னால் மூன்று குறுக்குச்சட்டங்களையும் பசையும் திருகாணியுமாக இறுக்கி விற்ற கொடி ஜனவரியில் திரும்பி வந்தது. வெள்ளைக் கோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு பிளவு. குற்றம் மரத்தின்மேல் இல்லை. நீளவாக்கில் மரம் அநேகமாக அசையாது. அகலவாக்கில் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். குளிர்காலத்தில் வெப்பமூட்டிய வீட்டுக்குள் மரத்தின் ஈரம் 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சுருங்கப் பார்க்கும் பட்டைகளைக் குறுக்குச்சட்டம் விடாமல் பிடித்துக்கொண்டால் எங்காவது ஓரிடத்தில் கிழியத்தான் வேண்டும். இப்போது நடுப் பட்டையை மட்டும் அசையாமல் இறுக்குகிறார். மற்றவற்றுக்குக் குறுக்குச்சட்டத்தில் நீள்துளை போட்டு, திருகாணி நகர இடம் விடுகிறார். ஈரமானியில் அளந்து பார்க்காமல் எந்தப் பலகையையும் கிழிப்பதில்லை.

மரவேலையில் செய்த தவறுகளைவிட அவரை அதிகம் வருத்தியது வேறொன்று. திண்ணைத் தூணில் தொங்கவிட நெட்டுக்குத்தான கொடி வேண்டும் என்று ஒருவர் கேட்டார். செய்து வைத்திருந்ததையே திருப்பி மாட்டக் கொக்கி போட்டுக் கொடுத்தார். பக்கத்துத் தெருவில் இருந்த முதிய படைவீரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுப் பட்டறைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. கொடிக்கான சட்ட விதிகளை எடுத்துச் சொன்னார். சுவரில் கிடையாக மாட்டினாலும் நெட்டாக மாட்டினாலும் நீலக் கட்டம் மேலே, பார்ப்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். துணிக் கொடியை மறுபக்கம் திருப்பிவிட்டால் சரியாகிவிடும். மரக் கொடிக்கு ஒரு முகம்தானே? வலப்பக்கம் சாய்த்தால் நீலம் வலது மூலைக்குப் போகிறது, இடப்பக்கம் சாய்த்தால் கீழே இறங்குகிறது. நீலம் கீழே இருக்கும் கொடி ஆபத்தில் உதவி கேட்கும் அடையாளம். நெட்டுக் கொடியைத் தொடக்கத்திலிருந்தே கண்ணாடிப் பிம்பமாகக் கணக்கிட்டுச் செய்ய வேண்டும் என்பது அன்றுதான் அவருக்கு விளங்கியது. தூணில் தொங்கியதைக் கையோடு கழற்றி வந்து, புதிதாகச் செய்து கொடுத்தார். இன்று அவர் செய்யும் நெட்டுக் கொடிகளின் நட்சத்திரங்கள் நிமிர்ந்தே நிற்கின்றன.

அந்த விதிகளை அதன்பின் அவர் உட்கார்ந்து படித்தார். 1942இல் நாடாளுமன்றம் சட்டமாக்கியவை, மீறினால் தண்டனை என்று அங்கே யாரையும் பிடிப்பதில்லை. ஆனாலும் அவர் தமக்கென்று சில எல்லைகளை வகுத்துக்கொண்டார். கொடியின்மேல் எழுத்தோ படமோ இருக்கக் கூடாது என்கிறது விதி. அதனால் கோட்டில் குடும்பப் பெயரைப் பொறித்துத் தரச் சொல்பவர்களைப் பணிவாகத் திருப்பி அனுப்புகிறார். எதையும் இட்டு வைக்கும் கலமாகக் கொடியைப் பயன்படுத்தக் கூடாது என்பதால் கொடி வடிவப் பூந்தொட்டிகள் செய்வதை நிறுத்திவிட்டார். வெறும் அலங்காரம் வேண்டுபவர்களுக்கு மூவண்ணத் தோரணத்தை அரைவட்ட மரப்பட்டைகளில் செய்து தருகிறார், விதி சொல்வதுபோல நீலம் மேலே, வெள்ளை நடுவே, சிவப்பு கீழே. இதனால் வருமானம் குறைந்தது உண்மை. கொடியை மதிக்கவென்று வைக்கும் பொருளில் கொடியின் மதிப்பைக் குறைத்துவிட்டு என்ன அலங்காரம் என்பது அவர் கட்சி, இந்தக் கட்டுரையாளருக்கும் அதுவே சரி என்று படுகிறது.

கொடி தவிர மற்ற வேலைகள் கைக்கு ஓய்வு. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவருக்குள் வரிவரியாக அடித்திருந்த ரீப்பர்கள் இடிபாட்டில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். ஒன்றரை அங்குல அகலம், கால் அங்குலத் தடிமன், நாலடி நீளம். ஐந்து ரீப்பர்களை ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகப் பாய் முடைவதுபோல் கோத்து, ஐந்து முனையிலும் 36 டிகிரிக் கோணம் வரும்படி ஓராணி அடித்தால் ஆளுயரத்தில் முக்கால் அளவுக்கு ஒரு நட்சத்திரம். இதைப் பள்ளிப் பிள்ளைகளும் செய்துவிடுவார்கள். மருந்து ஏற்றாத வேலிக் கம்பங்களை மூன்று உயரங்களில் அறுத்து, வண்ணம் பூசி, உச்சியில் துருப்பிடித்த கம்பியைச் சுருட்டித் திரியாகச் செருகினால் பட்டாசு. வாசலில் வைத்தால் ஜூலை முழுக்க நிற்கும்.

நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கும் ஒரு வேலிக் கதவைப் பற்றி அவர் அடிக்கடி பேசுவார். 1876 அளவில், நாடு நூற்றாண்டு கொண்டாடிய காலத்தில், ஜெஃபர்சன் மாவட்டப் பண்ணை ஒன்றுக்காகச் செய்தது. செய்தவர் பெயர் தெரியாது. கதவின் குறுக்குப் பலகைகளையே கோடுகளாக்கி, காற்றில் அலையும் துணிபோல நெளிநெளியாக அறுத்து, மூலையில் நீலக் கட்டம் வைத்திருக்கிறார். கதவாகவும் இருக்கிறது, கொடியாகவும் இருக்கிறது. 1962இல் அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பு இந்தக் கதவோடுதான் தொடங்கியது. தம் தொழிலின் மூதாதை அந்தக் கதவு என்று அவர் சொல்கிறார். அந்த அலையைப் பார்ன் பலகையில் அறுக்க மூன்று முறை முயன்று மூன்றும் கணுவில் உடைந்தன. நான்காவதுக்குப் பலகை தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது பெரிய கடைகளில் ‘பழைய மரக் கொடி’ மலிவாகக் கிடைக்கிறது. புதுப் பைன் பலகையைச் சங்கிலியால் அடித்துப் பள்ளம் விழவைத்து, சாம்பல் சாயம் பூசி, அச்சில் ரம்பத்தடம் பதித்தவை. அவற்றில் ஆணித்துளை பலகைக்குப் பலகை ஒரே இடத்தில் இருக்கும். துளையைச் சுற்றிக் கறை இருக்காது. வாங்குபவர் பலகையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும். முகத்துக்குத்தான் சாயம் பூசுவார்கள்.

இவர் கொடியின் பின்பக்கத்தை மூடுவதில்லை. கொடியின்மேல் எழுதக் கூடாது என்பதால் குறுக்குச்சட்டத்தில், தச்சர் பென்சிலால், மரத்தின் பெயர், எடுத்த இடம், அதிலிருந்த ஆணி என்று மூன்று வரி எழுதுகிறார். சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆம் ஆண்டான 2026க்கென்று எடுத்துவைத்த கொடியின் சட்டத்தில் எழுதியிருப்பது இது: செஸ்ட்நட், பார்ன் உள்சுவர், வெட்டு ஆணி.